மிக்சர் ஐயாவும் மழையில் இழுக்காத காரும்

மழை பெய்தால் காருக்கும் சளி பிடிக்கும் என்று நம்பி, அதன் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, வேளை தவறாமல் வைத்தியமும் பார்த்த மனிதர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவர் எங்கள் குருக்கள்மடத்தில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தார். பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள்தான். ஊரில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடிதம் கொண்டுவரும் தபால்காரரே வாசலில் நின்று, "மிக்சர் ஐயா!" என்றுதான் கூப்பிடுவார்.

மிக்சர் என்றதும் தேத்தண்ணியோடு கொறிக்கும் சங்கதியை நினைத்துவிட வேண்டாம். இது ஆஸ்பத்திரி மிக்சர். ஐயா பென்சன் எடுக்கும்வரை கிராமத்து ஆஸ்பத்திரிகளில் மருந்து கலந்து கொடுப்பவராக இருந்தவர். அவருடைய யன்னலுக்குப் பின்னால் பெரிய கண்ணாடிச் சாடி ஒன்றில் சிவப்பாக ஒரு தண்ணீர் இருக்கும். காய்ச்சலுக்கும் அதுதான், இருமலுக்கும் அதுதான், வயிற்று வலிக்கும் அதுதான். ஒருமுறை ஒரு பெரியவர் போய், "ஐயா, முழங்கால் நோகுது" என்றாராம். ஐயா போத்தலை நிரப்பிக் கொடுத்து, "நல்லாக் குலுக்கிக் குடி" என்றிருக்கிறார்.

"எதைக் குலுக்கிற ஐயா? போத்தலையா, முழங்காலையா?"

"ரெண்டையும் குலுக்கு. எதுக்காவது கேக்கும்."

கலியாணம் முடிக்காத மனிதர். பென்சன் எடுத்த கையோடு ஒரு கார் வாங்கினார். என்னைவிட வயது கூடிய இங்கிலீஷ் கார். சாம்பல் நிறம். முன்விளக்குகள் இரண்டும் ஏதோ கெட்ட செய்தி கேட்டுத் திகைத்துப்போன கண்கள் மாதிரி இருக்கும். பின்கதவில் ஒன்று உள்ளேயிருந்து திறக்காது. மற்றது வெளியேயிருந்து திறக்காது. ஆகவே ஏறுவது ஒரு பக்கத்தால், இறங்குவது மறுபக்கத்தால்.

நான் அப்போது கலியாணம் முடித்து அந்த ஊருக்கு வந்த புதிது. மட்டக்களப்பு டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் மனுசன் யோகனுக்கும் டவுனில்தான் வேலை. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது என்ற காலம். மிக்சர் ஐயா தினமும் காலையில் டவுனுக்குப் போவார். அங்கே அவருக்கு எந்த வேலையும் இல்லை. காருக்கு நடை வேண்டும் என்பதற்காகப் போவார்.

"வருத்தக்காரனைப் படுக்கையில போட்டாக் கால் விறைச்சிப் போகும் புள்ள. காரும் அப்பிடித்தான். ஒவ்வொரு நாளும் நடக்கணும். ஏறுங்க ரெண்டு பேரும்."

அப்படித்தான் நாங்கள் அந்தக் காரில் ஏறினோம். கோடை முழுவதும் அது ராசா மாதிரிப் போனது. கார்த்திகையில் மழை தொடங்கியதும்தான் அதன் குணம் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் தட்டையாக ரோட்டு. அந்தக் காருக்கு வாய்த்த ஒரே மலை கல்லடிப் பாலம். மழை நாளில் பாலத்தின் தொடக்கத்தில் ஏறும்போதே என்ஜின் விக்கத் தொடங்கும். ஐயா பெடலைத் தரையோடு அழுத்துவார். சத்தம் கூடும், வேகம் குறையும். சைக்கிளில் மீன் கொண்டுபோகிறவர் எங்களை முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்து, "ஐயா, கயிறு இரிக்கு. கட்டி இழுக்கட்டா?" என்று கேட்பார். ஐயாவுக்குக் கோபமே வராது. நடுப்பாலத்தில் காரை நிறுத்திவிட்டு எங்களை விசாரிக்க ஆரம்பிப்பார்.

"எப்ப துவங்கின?"

"மழை துவங்கின நேரம், ஐயா."

"சத்தம் எப்பிடி?"

"விக்கல் மாதிரி."

"விக்கலா, இருமலா? வடிவா யோசிச்சிச் சொல்லு புள்ள. ரெண்டுக்கும் வேற வேற மருந்து."

பின்னால் லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருப்பார். ஐயா முன்பெட்டியைத் திறந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டி, கார் மூடியை உயர்த்தி, என்ஜினின் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கடைசியில் ஒரு நாள் தீர்ப்புச் சொன்னார்.

"இது இழுப்பு."

"ஐயா, இழுக்காததுதானே பிரச்சினை?" என்றான் யோகன்.

"அதைத்தான் நானும் சொல்லுறன். இழுப்பு வந்த மனுசன் எதையாவது இழுப்பானா?"

அன்றிலிருந்து இழுப்புக்கு வைத்தியம் தொடங்கியது. காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றி, தொண்டை கழுவுவதுபோல் கழுவி வெயிலில் வைத்தார். பெற்றோலில் மழைத் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று அத்தனையையும் எடுத்து வேட்டியில் வடித்தார். அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனதால் தீபத்தட்டோடு வந்த ஐயர் தூரத்திலேயே நின்றுவிட்டார். பிறகு யாரோ அவருக்கு, பெற்றோலும் காற்றும் கலக்கும் இடம் ஒன்று என்ஜினில் இருக்கிறது, அந்தக் கலவைக்கும் மிக்சர் என்றுதான் பெயர் என்று சொல்லிவிட்டார்கள். ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதுக்குள்ளயும் நான்தான் இரிக்கன், புள்ள!"

அந்த வாரம் முழுக்க அந்தக் கலவையைக் கூட்டிக் குறைத்துத் திருகிக்கொண்டே இருந்தார். கார் புகை விட்டது, வெடித்தது, ஒரு கோழியைப் பைத்தியமாக்கியது. இழுக்கவில்லை.

சண்டைக்காலம் அது. ரோட்டில் இருந்த ஆமிச் சென்றிகள், அந்தக் காவலரண்கள் ஒவ்வொன்றிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து, மறுபடி ஏற வேண்டும். ஒரு நாள் கொட்டும் மழையில் எங்கள் கார் சரியாகச் சென்றிக்கு முன்னால் போய்ச் செத்தது. அந்த நாட்களில் சென்றிக்கு முன்னால் ஒரு வாகனம் காரணமில்லாமல் நிற்பது என்பது சிரிக்கிற விசயமல்ல. மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிகள் எங்களைப் பார்த்தன. யோகன் கையைத் தூக்கினான். நான் பைக்குள் கையை விட்டபடியே உறைந்துபோனேன். ஐயா மட்டும் ஸ்டெதஸ்கோப்போடு இறங்கினார்.

"ஐயா, என்ன வருத்தம்?" என்று கேட்டான் இளம் ஆமிக்காரன் ஒருவன், தெரிந்த தமிழில்.

"இழுப்பு."

அவனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பிதுக்கி, மூச்சுத் திணறுவதுபோல் நடித்துக் காட்டினார். நடிப்பு மிக நன்றாக இருந்திருக்க வேண்டும். ஆமிக்காரன் பதறி ஓடிப்போய் ஒரு கதிரையும் தண்ணீரும் கொண்டுவந்து, ஐயாவை அதில் இருத்தி, முதுகைத் தடவிவிட்டான். இன்னொருவன் குடை பிடித்தான். வருத்தம் தனக்கில்லை, காருக்குத்தான் என்பதைப் புரியவைக்க ஐயாவுக்கு வெகுநேரம் பிடித்தது. புரிந்ததும் சென்றியே சிரித்தது. நாலு பேர் சேர்ந்து காரைத் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு மழை நாட்களில் எங்கள் காரைத் தூரத்தில் கண்டதுமே இரண்டு பேர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ளுவதற்கு ஆயத்தமாக நிற்பார்கள்.

காத்தான்குடியில் பாவா காக்கா என்று ஒரு மெக்கானிக் இருந்தார். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். லொறி, வான், உழவு இயந்திரம் எல்லாவற்றையும் திருத்துகிறவர். அவரிடம் காரைக் கொண்டுபோகலாமே என்று நாங்கள் சொல்லாத நாளில்லை. ஐயா கொண்டுபோகாமலும் இல்லை. ஆனால் மழையில் கார் அவ்வளவு தூரம் போகாது. ஆகவே மழை விட்ட பிறகுதான் போவார். மழை விட்டால் வருத்தமும் விட்டுவிடும். பாவா காக்கா ஏறி ஓட்டிப் பார்ப்பார். கார் குதிரை மாதிரிப் பாயும்.

"ஐயா, இதுல ஒரு பிழையும் இல்லியே."

"மழையில பாருங்க காக்கா."

"மழையில கொண்டு வாங்க, பாக்கன்."

"மழையில வராதே காக்கா!"

"அப்ப ஒரே மருந்துதான் இரிக்கி. வித்துருங்க."

அன்றைக்கு வீடு வரும்வரை ஐயா ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே வந்தார். பெற்ற பிள்ளையை விற்கச் சொன்னதுபோல் அவருக்கு முகம் வாடிப்போயிருந்தது.

சில வருடங்கள் கழித்து, சுனாமியாகக் கடல் வந்த அந்த மார்கழியின் தொடக்கத்தில்தான் ஐயா தன்னுடைய ஆகப் பெரிய வைத்தியத்தைச் செய்தார். நான் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். மழை ஓய்ந்து வெயில் எறித்த ஒரு நாள் பெரிய பானையில் நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்கவைத்து, கார் மூடியைத் திறந்து, பானையை உள்ளே கொடுத்து, மேலே போர்வையால் மூடினார். காருக்கு ஆவி பிடித்தார். கார் நன்றாக வியர்த்தது. பானையை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். என்ஜின் விக்கியது, இருமியது, அடங்கிப்போனது. வெயில் நாளில் அந்தக் கார் அப்படி நின்று நாங்கள் கண்டதே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஐயா வீட்டைச் சுற்றியிருந்த வளவுக்குள் துள்ளிக் குதித்தார்.

"புள்ள! கண்டு புடிச்சிட்டன்! இண்டைக்கு மழை இல்ல. பெற்றோல் நேத்தைய பெற்றோல்தான். நான் புடிச்ச ஆவி மட்டுந்தான் புதுசு. அப்ப வருத்தம் நெஞ்சுக்குள்ள இல்ல. வெளியில, தோலில! எங்கயோ ஒரு இடத்தில ஈரம் பட்டா நரம்பு வேலை செய்யுதில்ல!"

நரம்பு என்று அவர் சொன்னது என்ஜினில் ஓடும் வயர்களை. ஈரம் படக்கூடாத அந்த ஒரு இடத்தைத் தேடுவதுதான் மிச்சம் என்றார். அதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அன்றைக்கு மழை இல்லை. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கடற்கரைப் பக்கமிருந்து சனம் ஓடிவரத் தொடங்கியபோது, எல்லோரும் வாவிப் பக்கம் ஓட, ஐயா காரைக் கடற்கரைப் பக்கம் விட்டார். சின்னப் பிள்ளைகளையும் நடக்கமாட்டாதவர்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து வாவிக்கரைப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார். திரும்பப் போனார். மறுபடியும் போனார். கதவு உள்ளேயும் திறக்காது வெளியேயும் திறக்காது என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, யன்னலால் ஏற்றினார்கள். கார் ஒருமுறைகூட விக்கவில்லை. கடைசித் தடவை போனவர் வெறும் காரோடு திரும்பி வந்தார். சில்லுகளுக்கு மேல்வரை கடல் மண். "அங்கால ரோட்டு இல்ல" என்று மட்டும் சொன்னார். 

பள்ளிக்கூடம் முகாமாகியது. ஐயா அங்கேயே மேசை போட்டுக் காயங்களுக்கு மருந்து கட்டத் தொடங்கினார். டவுனுக்குப் போய் மருந்துகளைக் கொண்டுவருவதும் அந்தக் கார்தான். மழையோ அந்த வருடம் விடாமல் பெய்தது. உப்புத் தண்ணீர் பட்டதில் காரின் வருத்தமும் முற்றிப்போயிருந்தது. காலைப் பனிக்கே நின்றது. மருந்து எடுக்கப் போனவர் பாதி வழியில் நின்று, பெட்டியைத் தலையில் வைத்து நடந்துவந்த நாளும் உண்டு. "இனி வச்சுப் பாக்க ஏலாது. இண்டைக்கே இடத்தைக் கண்டு புடிக்கணும்" என்றார்.

அவருடைய யோசனை இதுதான். என்ஜின் ஓடும்போது எங்கேயாவது மின்சாரம் ஒழுகினால் இருட்டில் அது நீலப் பொறியாகத் தெரியும். இருட்டுக்காக இரவுவரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. கூரைக்குப் போட முகாமுக்கு வந்திருந்த நீலத் தறப்பாள்கள் இரண்டைக் காரின் முன்பக்கத்தில் போர்த்து, மேலே சாக்குகளையும் போட்டு, பட்டப்பகலில் ஒரு இருட்டை உண்டாக்கினார். யோகன் சாரதி இருக்கையில். ஐயா தறப்பாளுக்குள். ஈரம் தெளிக்க ஒரு ஆள் வேண்டும். என் வயிறு இருந்த இருப்பில் குனிய முடியாது என்றேன். "நீ குனிய வேணாம், நிமிந்து நிண்டே தெளிக்கலாம்" என்று ஒரு பன்னீர்ச் செம்பைக் கையில் தந்தார். கலியாண வீட்டு வாசலில் வைத்துத் தெளிப்பார்களே, அதே செம்பு.

உள்ளேயிருந்து உறுமல் சத்தம். நான் நிறைவயிற்றோடு நின்று காருக்குப் பன்னீர்ச் செம்பால் தெளித்துக்கொண்டிருக்கிறேன். முகாமில் இருந்தவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். காருக்கு ஏதோ நேர்த்தி என்று நினைத்து ஒரு அம்மா கற்பூரத்தட்டைக் கொளுத்திக்கொண்டே வந்துவிட்டார்.

"அம்மே, பெற்றோல் மணக்குது! அணையுங்க, அணையுங்க!" என்று யோகன் யன்னலால் கத்தினான்.

அந்த நேரம் தறப்பாளுக்குள்ளிருந்து ஐயாவின் குரல் கேட்டது. "புள்ள, ஓடி வா! பூரான் மாதிரி ஊருது!"

நான் தலையை மட்டும் உள்ளே விட்டேன். என்ஜினின் பக்கத்தில், பிளக் நாலுக்கும் தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற கறுப்புக் கிண்ணம் ஒன்று இருக்கும். டிஸ்ரிபியூட்டர் என்பார்கள். அதன் மூடியில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. ஈரம் பட்ட அந்த வெடிப்பின் மேல் நீலப் பொறி நெளிந்து நெளிந்து ஊர்ந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய பொறி பாதி வழியில் ஈரத்தோடு ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது. நாலு பிளக்கில் இரண்டு பட்டினி. பிறகு எப்படி இழுக்கும்?

"இதுதான்! இந்த இடந்தான்!" என்று ஐயா சந்தோசத்தில் விரலை வைத்துக் காட்டினார். அடுத்த கணம் "என்ட அம்மே!" என்ற சத்தத்தோடு தறப்பாள், சாக்கு, ஐயா எல்லாம் சேர்ந்து ஆகாயத்தில் எழுந்தன. கற்பூரத்தட்டு அம்மா கும்பிட்டார்.

செய்தி கேட்டுப் பாவா காக்கா நேரில் வந்து பார்த்தார். "ஆவி புடிச்சி வருத்தம் கண்டு புடிச்ச ஆளை நான் இப்பதான் காணுறன் ஐயா" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். அவ்வளவு பழைய காருக்கு அந்த மூடி மட்டக்களப்பில் கிடைக்காது. கொழும்பில் தேடவேண்டும். அப்போதைக்கு யார் கொழும்புக்குப் போவது? ஐயா தானே வைத்தியத்தில் இறங்கினார். வஸ்லின் பூசினார், சூட்டில் உருகியது. பொலித்தீன் பையால் கட்டினார், உள்ளே வியர்த்து இன்னும் மோசமானது. கடைசியில் தினமும் புறப்படுமுன் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு துடைத்துக்கொண்டு புறப்பட்டார். தூறலுக்கு அது போதுமாக இருந்தது.

எனக்கு நோவு தொடங்கிய நாள் தூறல் இல்லை. வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. காலை நேரம். ஓட்டோக்காரர்கள் ரோட்டில் தண்ணீர் என்று வரவில்லை. யோகன் ஓடிப்போய் ஐயாவைக் கூட்டிவந்தான். வெள்ளைச் சேர்ட், கையில் ஒரு பை. பைக்குள் கத்தரிக்கோல், நூல், பஞ்சு, ஸ்பிரிட், ஒரு சோடி ஆஸ்பத்திரிக் கையுறை.

"பயப்பிடாத புள்ள. போய்ச் சேராட்டிலும் நான் இரிக்கன்."

அந்தப் பேச்சு எனக்குத் தைரியம் தந்தது என்று சொல்லமாட்டேன்.

ஆரையம்பதிக்குக் கிட்டப் போகும்வரை கார் விக்கி விக்கிப் போனது. அங்கே ரோட்டை மூடித் தண்ணீர் நின்றது. எதிரே வந்த லொறி ஒன்று அந்தத் தண்ணீரை அப்படியே அள்ளி எங்கள் காரின் முகத்தில் ஊற்றியது. கார் மூன்று தரம் விக்கிவிட்டு நின்றது.

ஐயா திரும்பிப் பார்த்து, "எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா வருது?" என்றார்.

"யாருக்கு ஐயா கேக்கிறீங்க? எனக்கா, காருக்கா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"உனக்குத்தான் புள்ள. காருக்கு வந்து முடிஞ்சிது."

மழைக்குள் இறங்கினார். யோகன் என்ஜினுக்கு மேல் குடையைப் பிடித்தான். அவன் நனைந்த நனைவில் அவனைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். ஐயா டிஸ்ரிபியூட்டர் மூடியைத் துடைத்தார், ஓட்டிப் பார்த்தார், நின்றது. மறுபடி துடைத்தார், மறுபடி நின்றது. பிறகு குனிந்து மூடியைப் பார்த்தார். அதிலிருந்து பிளக்குகளுக்கு நாலு வயர், நடுவில் ஒன்று. ஐந்து வயர். தன் கையைப் பார்த்தார். ஐந்து விரல். பைக்குள் கையை விட்டுக் கையுறையை எடுத்தார்.

ஐந்து விரல் நுனியையும் வெட்டி, ஒவ்வொரு வயராகக் கழற்றி, விரலுக்குள்ளால் கோத்து, கையுறையை மூடியின் மேல் தொப்பி மாதிரி இழுத்துவிடுவது அவருடைய திட்டம். முதல் கையுறையில் அவசரப்பட்டுக் கூடுதலாக வெட்டிவிட்டார். இழுத்ததும் அது இரண்டாகக் கிழிந்தது. மிச்சம் இருந்தது ஒன்று. ஐயா அதைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலால் என்னைப் பார்த்தார். அந்த மனிதர் எதற்கும் யோசித்து நின்று நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"புள்ள, இது உனக்கெண்டு கொண்டந்தது. இதையும் வெட்டினா, மறுகா பேறு கார்லதான் எண்டு வந்தா என்ட வெறுங்கைதான்."

அடுத்த நோவு வந்துகொண்டிருந்தது. "காருக்கே போடுங்க ஐயா!" என்று கத்தினேன். "எனக்கு ஆஸ்பத்திரியில வேற கையுறை இரிக்கும்!"

நுனியிலும் நுனியாக வெட்டினார். நூலால் அடியைச் சுற்றிக் கட்டினார். சாவியைத் திருப்பினார்.

கார் இழுத்தது. மழை அடிக்க அடிக்க இழுத்தது. காத்தான்குடியில் கடைகளெல்லாம் பாதிக் கதவோடு நின்றன. பாவா காக்கா தன் கராஜ் வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றவர், அந்தக் கார் அந்த மழையில் அந்த வேகத்தில் போவதைக் கண்டு கோப்பையைக் கீழே போட்டதாகப் பிறகு அவரே சொன்னார். கல்லடிப் பாலத்தில் யோகன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நான் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, என் மூச்சு ஏற்கெனவே என் கையில் இல்லை. ஐயா பெடலை அழுத்தினார். கார் பாலத்தின் உச்சிக்கு ஏறி, ஒரு விக்கல்கூட இல்லாமல் மறுபக்கம் இறங்கியது.

"பாத்தியா புள்ள!" என்று அவர் திரும்பிக் கத்தினார்.

"முன்னால பாருங்க ஐயா!" என்று நாங்கள் இருவரும் கத்தினோம்.

ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொஞ்ச நேரத்துக்குள் மகள் பிறந்துவிட்டாள். முதலில் வந்து பார்த்தது ஐயாதான். பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ரெண்டு பேரும் சுகம். காரும் சுகம்" என்றார்.

அந்தக் கையுறை வைத்தியம் ஊரெல்லாம் பரவியது. கிழிந்தால் புதிது போடுவார். பிந்திய வருடங்களில் சண்டை மறுபடி மூண்டு சோதனைகள் கடுமையானபோது, புதிதாக வந்த ஆமிக்காரன் ஒருவன் கார் மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தவன் அப்படியே பின்னால் பாய்ந்தான். என்ஜினுக்குள் வெள்ளையாக ஒரு கை வயர்களைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

"யாருட கை இது?"

"காருட கைதான் தம்பி" என்றார் ஐயா பணிவாக. "மழைக்குப் பொத்திப் புடிச்சிருக்கு."

சண்டை முடிந்தது. சென்றிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அப்போதுதான் ஐயா, "மண்டூருக்குப் போவம்" என்றார். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் அவருடைய மூத்த அக்கா இருந்தார். ஐயா திருவிழாவுக்குக் கால்நடையாகப் போய்வருவார். கார் மட்டும் ஒருநாளும் அங்கே போனதில்லை. வாகனத்தோடு அக்கரைக்குப் போக அந்தக் காலத்தில் கேட்கவேண்டிய அனுமதியும் சொல்லவேண்டிய பதிலும் அவ்வளவு. அதனால் அக்கா தன் தம்பியிடம் கார் இருக்கிறது என்பதையே நம்பவில்லை.

குருமண்வெளியில் காரைப் பாதையில் ஏற்றினோம். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாகனங்களையும் ஆட்களையும் வைத்து வாவியைக் கடக்கும் மிதவை. யோகன், நான், நாலு வயது மகள், ஐயா. வாவி நடுவில் காற்று குளிராக அடித்தது. ஐயா ஓரத்துக்கே போகவில்லை. காரின் மூடியில் ஒரு கையை வைத்தபடி, அது பயப்படக்கூடாது என்பதுபோல், அக்கரை வரும்வரை நின்றுகொண்டிருந்தார்.

அக்கா வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்தார். ஒல்லியான மனுசி ஒருவர் வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு காரைச் சுற்றி வந்தார். சில்லைக் காலால் தட்டினார்.

"மெய்யாத்தான் வச்சிருக்காய். நான் நீ புளுகிறாய் எண்டுதான் இவ்வளவு காலமும் நெனச்சன்."

ஐயா பள்ளிக்கூடத்தில் நல்ல புள்ளி எடுத்த பையன் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார். அதற்குள் அக்காவின் பார்வை எங்கள்மேல் விழுந்தது. உள்ளேயிருந்து திறக்கிற கதவும் அன்றைக்கென்று இறுகிப்போயிருக்க, நாங்கள் இன்னும் காருக்குள் அடைபட்டிருந்தோம்.

"இவங்க ஆரு தம்பி? உனக்கு என்ன முறை?"

ஐயா கதவைத் திறந்து மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எங்களைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

"இவங்க நம்மட கார் ஆக்கள்."

அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. "வாங்க மக்காள், சாப்பிடுவம்" என்று உள்ளே கூட்டிப்போனார்.

ஐயா போய்ச் சேர்ந்து இப்போது சில வருடங்கள் ஆகின்றன. செத்தவீட்டுப் பந்தலில், பிள்ளை குட்டி இல்லாத மனிதருக்கு யார் இவர்கள் முன்னுக்கு நின்று எல்லாம் செய்கிறார்கள் என்று பலருக்கும் புதினம். "நீங்க அவருக்கு என்ன முறை?" என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். கேட்ட எல்லோருக்கும் நானும் யோகனும், ஐயா அன்றைக்கு அக்காவுக்குச் சொன்ன அதையேதான் சொன்னோம்.